நேரத்துக்கு வந்தவள்

அம்மாவின் அறையைக் காட்டும் கேமரா படத்தின் கீழ் மூலையில் ஓடிக்கொண்டிருந்த மணி, அவள் கைக்கடிகாரத்தைவிட ஏழு நிமிஷம் முந்தி இருந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிகாரம் பிசகுவதும் அதைத் திருத்துவதும்தான் அவளுடைய பிழைப்பு. கணினிகளை வாடகைக்கு விடும் கம்பெனி அது. அறை முழுக்க ஆளுயர இரும்பு அலமாரிகள். அவற்றில் எட்டு பெரிய சர்வர்கள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் முப்பது நாற்பது மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் தன்னை ஒரு தனி இயந்திரம் என்று நம்பிக்கொண்டு ஓடும். ஆனால் எதற்கும் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. சுமக்கிற சர்வர் தட்டுகிற தாளத்தை எண்ணியே அவை நேரம் பார்க்கும். சர்வருக்கு வேலை கூடினால் நாலைந்து தட்டுகள் தவறிப்போகும்; உள்ளே இருப்பவை பின்தங்கும். அதனால் பிந்துவது வழக்கம். முந்துவதை அவள் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

கேமரா அண்ணன் வாங்கி அனுப்பியது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேறு ஊரிலிருந்து அவன் செய்த மொத்த உதவி அதுதான். “இனிமே நீ ஆபீஸ்ல இருந்துக்கிட்டே பாத்துக்கலாம், கவலையே இல்ல” என்றான், ஏதோ அம்மாவையே பொட்டலம் கட்டி அவள் மேஜைமேல் வைத்துவிட்டவன் மாதிரி. ஒலி வராத மலிவுக் கேமரா. படத்தைச் சேமிக்க இடம் வேண்டும் என்று, கம்பெனி சர்வர் ஒன்றின் மூலையில் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன மெய்நிகர் கணினியை அவளே உண்டாக்கி வைத்திருந்தாள். அதற்கு ‘அம்மா’ என்று பெயர்.

சரியான நேரத்தைத் தரும் நேரச் சர்வரிலிருந்து மணியை வாங்கி ‘அம்மா’வில் பதித்தாள். ஏழு நிமிஷம் மறைந்தது. படத்தில் அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். எல்லாம் சரி. அவள் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மணி மறுபடி முந்தியிருந்தது. இப்போது பன்னிரண்டு நிமிஷம்.

இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிற கணினி இப்படித்தான் தடுமாறும். சர்வர் ஒரு நேரம் சொல்லும், நேரச் சர்வர் இன்னொன்று சொல்லும், நடுவில் அது அல்லாடும். சர்வரிடமிருந்து நேரம் வாங்குவதை நிறுத்தினாள். மணியைத் திருத்தினாள். முந்தியது. நேரச் சர்வரை நிறுத்திவிட்டு மற்றதைத் திறந்தாள். முந்தியது. நேர வலயம் தப்போ என்று பார்த்தாள். அது தப்பென்றால் அரைமணி, ஒருமணிக் கணக்கில் அல்லவா விலகும்? சுமக்கிற சர்வரின் மணியைப் பார்த்தாள். நொடி பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வழியாக, ‘அம்மா’வை ஓடுகிற ஓட்டத்திலேயே தூக்கி வேறொரு சர்வருக்கு மாற்றினாள். தப்பு கூடவே போனது. அதுகூடப் பரவாயில்லை. சற்று நேரத்தில் அந்தப் புதுச் சர்வரின் சொந்த மணியே ‘அம்மா’வோடு சேர்ந்து முந்த ஆரம்பித்தது.

அவள் கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். பேருந்துக்குள் பயணி திரும்பி உட்கார்ந்தால் பேருந்தே திரும்புமா?

அறையில் சூடேறிய தூசியின் வாடை இருந்தது. விசிறிகளின் இரைச்சல் எப்போதும் இருப்பதுதான், அதனால் காதுக்கே படாது. இன்று அதற்குள் ஒரு சீர் இருப்பதுபோல், யாரோ மூச்சை இழுத்துப் பிடித்து விடுவதுபோல் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. வெளியே வெளிச்சம் இருக்கிறதா, இருட்டிவிட்டதா என்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு மணி சொன்னால்தான் தெரியும்.

படத்தில் ஆள் அசைந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்கா தன் பையைத் தோளில் மாட்டினாள். குழல்விளக்கை அணைத்து விடிவிளக்கைப் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். மூலையில் மணி ஆறு.

அவள் கையில் ஆறாகவில்லை. இன்னும் அரைமணிக்கு மேல் பாக்கி இருந்தது.

சுருக்கென்றது. இதுதான் தினமும் நடக்கிறதா? போனை எடுத்தாள்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“எங்க இருப்பேன், இங்கதான். அம்மாவுக்கு முதுகு துடைச்சி விட்டுக்கிட்டு இருக்கேன்.” துணியைப் பிழிகிற சத்தம், பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம்.

“கிளம்பிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நல்லாருக்கே! சந்தேகமா இருந்தா அம்மாகிட்டயே குடுக்கறேன், கேளு.”

போன் கைமாறியது. அம்மாவின் மூச்சு கேட்டது. பிறகு, பாதி வாயால் பேசுகிற அந்தக் குழறல்.

“என்ன சின்னு, வேவு பாக்குறியா?”

“இல்லம்மா. கேமராவுல ஏதோ கோளாறு.”

“கேமராவுக்குக் கோளாறுன்னா ஒடனே போன் பண்ற. எனக்குக் கோளாறு வந்து எத்தன நாளாச்சு?” சற்று மூச்சு வாங்கினாள். “அந்த மெஷினுங்களுக்குப் பாக்குற பணிவிடையில பாதி எனக்குப் பாத்திருந்தா நான் எழுந்து நடந்திருப்பேன். இன்னிக்காவது நேரத்துக்கு வருவியா?”

“வந்துடறேம்மா.”

“நீ சொல்லுவ.”

போனை வைத்த பிறகும் அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விடிவிளக்கின் மங்கலில் அம்மா தனியாகப் படுத்திருந்தாள். கட்டிலருகில் யாரும் இல்லை. தண்ணீர்ப் பாத்திரம் இல்லை. துணி இல்லை. ஆறு மணி தாண்டிய அறை அது.

பழைய படமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நேற்று மாலை பதிவானது இன்று மேலே வந்திருக்கும். அப்படி வர வழியில்லை என்று தெரிந்துகொண்டே சொல்லிக்கொண்டாள்.

அதற்குமேல் யோசிக்க விடாமல் தொலைபேசிகள் அடிக்க ஆரம்பித்தன. வாடிக்கையாளர்களின் கணினிகள் ஒன்றையொன்று நம்ப மறுத்தன. இரண்டு கணினிகளின் மணிக்கு நடுவே ஐந்து நிமிஷத்துக்குமேல் விலகல் இருந்தால், வந்திருப்பவன் திருடன் என்று பூட்டு முடிவு கட்டிவிடும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திறக்காது. இப்போது இன்னொரு சர்வரும் முந்தியிருந்தது. மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோபம் வந்தால் குரலை உயர்த்தாமல் தாழ்த்துகிற ஆள்.

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“தெரியல சார். மணி எங்கிருந்து வருதுன்னே புரியல.”

“இத்தன வருஷமா இதுதானே பாக்குற? புரியலன்னா எப்படி?”

“நான் ஆறு மணிக்குக் கிளம்பணும் சார். அம்மா தனியா இருப்பாங்க.”

“எல்லாருக்கும் அம்மா இருக்காங்க” என்றார் அவர். “முடிச்சிட்டுப் போ.”

அவர் போனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அப்போதுதான் படத்தில் கதவு திறந்தது.

யாரோ உள்ளே வந்தார்கள். மழைக்கோட்டு நனைந்து மின்னியது. வந்தவள் அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள், தடவிப் பார்க்காமல், பழகிய கை. பையின் கனத்தால் இடது தோள் சரிந்திருந்தது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

இவள் தன் நாற்காலிக்குப் பின்னால் கையை நீட்டினாள். இவளுடைய மழைக்கோட்டு அங்கேதான் இருந்தது. காய்ந்து, மொடமொடவென்று.

படத்தில் இருந்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கேமராவுக்கு முதுகு. அம்மாவின் தலையை மடியில் ஏந்தி, சிக்கு எடுத்து, நிதானமாக வாரினாள். இவள் அம்மாவுக்குத் தலைவாரி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. சிக்கு இழுத்தால் அம்மா கத்துவாள், இவளும் கத்துவாள், சீப்பு ஒரு மூலைக்குப் பறக்கும்; அந்த வேலையையும் அக்காவிடம் தள்ளிவிட்டாள். இப்போது அம்மா கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அந்தக் கை ஒரே அளவில் மேலிருந்து கீழே வந்தது. மேலிருந்து கீழே. ஒரு தடவைகூட வேகம் மாறவில்லை.

மூலையில் மணி ஏழு.

அவள் எழுந்தாள். மழைக்கோட்டை எடுத்தாள். மேனேஜர் வாசலில் நின்றிருந்தார், இரண்டு காதிலும் போன்.

“எங்க?”

“சார், வீட்ல...”

“வீட்ல என்ன?”

என்னவென்று சொல்வாள்? நான் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டேன் என்றா?

“உக்காரு. எத்தன சர்வர் தப்பா இருக்கு?”

“ரெண்டு. ஆறு சரியா இருக்கு.”

“ரெண்டைத் திருத்த முடியல.”

“முடியல.”

“அப்ப மத்த ஆறையும் அதுக்குக் கொண்டு வா.”

அவள் அவரைப் பார்த்தாள். “சார், அது தப்பான நேரம்.”

“எது சரி, எது தப்புன்னு வாடிக்கைக்காரன் கேட்டானா? எல்லாம் ஒண்ணா இருக்கணும். அவ்ளோதான். ஒண்ணா இருந்தா பூட்டு திறக்கும். நாளைக்கு நிதானமா சரி பண்ணிக்கலாம். இது முடிஞ்சா நீ போகலாம்.”

போகலாம் என்ற சொல்தான் அவளை உட்கார வைத்தது. பதினெட்டு வருஷமாக அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தாள். நேரச் சர்வரை விலக்கினாள். அந்த இடத்தில் ‘அம்மா’வை வைத்தாள். இனி எட்டு சர்வர்களும், அவற்றின் வயிற்றில் உள்ள அத்தனை கணினிகளும் அதனிடம்தான் மணி கேட்கும். விரல் ஒரு கணம் தயங்கியது. அழுத்தினாள்.

தொலைபேசிகள் ஓய்ந்தன. ஒன்றுவிடாமல், ஒரே நேரத்தில்.

கணினி வலையிலிருந்து நேரம் வாங்குகிற சுவர்க் கடிகாரம் ஒரு துள்ளு துள்ளி ஏழுக்குப் போய் நின்றது. மேஜைமேல் இருந்த அவள் போனும் ஏழு என்றது. மேனேஜர் தன் போனைப் பார்த்து, “அய்யோ, ஏழாயிடுச்சா” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார். அவள் மணிக்கட்டில் மட்டும் ஆறேகால்.

வீட்டுக்குப் போன் போட்டாள். வெகுநேரம் அடித்தது. கட்டிலருகே இருந்த போனை அம்மாவே எடுத்தாள். பின்னால் மழைச் சத்தம்.

“அம்மா?”

“மெதுவாப் பேசு.” அம்மா கிசுகிசுத்தாள். “அடுப்படிக்குப் போயிருக்கு.”

“எது?”

“உன்ன மாதிரி இருக்கறது.”

“அம்மா. அது நான் இல்ல.”

“தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? தல வாரி விட்டுது. கை சில்லுன்னு இருக்கு. மூச்சே விடல.”

“அம்மா, பக்கத்து வீட்ல கூப்பிடு. கத்து. நான் வந்துக்கிட்டே இருக்கேன்.”

“நீ வந்துக்கிட்டேதான் இருப்ப.” அந்தக் குழறலில் கோபம் இல்லை, அதுதான் அவளை அறுத்தது. “அது நேரத்துக்கு வந்துச்சு சின்னு. ஏழு மணிக்கு. எத்தன வருஷமா கேட்டேன், ஒரு நாளாவது வான்னு.”

“அம்மா...”

“சாப்பாடு எடுத்துக்கிட்டு வருது. ஊட்டப் போகுதாம்.”

“மெதுவா ஊட்டச் சொல்லு. உனக்கு விழுங்க நேரமாகும். தொண்டைல அடைச்சிக்கும். அம்மா, வாய மூடிக்கோ. கேக்குதா?”

யாரோ போனை வாங்கினார்கள். தலையணைமேல் உரசுகிற சத்தம். பிறகு அவளுடைய குரல். அவளுடைய சொந்தக் குரல், களைப்பில்லாமல், அன்பாக.

“அவசரமே இல்ல. நேரம் நெறைய இருக்கு.”

துண்டித்தது.

அவள் ஓடினாள். வாசல் கதவில் அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி தேய்த்தாள். சிவப்பு. காவலாளி எட்டிப் பார்த்தார்.

“நீங்க அப்பவே போயிட்டீங்களே மேடம்? போனதாத்தானே காட்டுது?”

“கதவத் திறங்க.”

அவர் திறந்தார். ஆனால் அவளைப் பார்த்துத் திறக்கவில்லை; அவளுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்தபடி, தான் ஏன் எழுந்து வந்தோம் என்று மறந்தவர்போல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு திறந்தார்.

மழை. பேருந்து நிறுத்தத்தில் கை நீட்டினாள். நிற்கவில்லை. அடுத்ததும் நிற்கவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் அவள் முகத்துக்கு நேரே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டாளே தவிர அது நனைந்ததாகவே தெரியவில்லை. எதிரே வந்தவர்கள் வழிவிடவில்லை. ஒரு பெண்ணின் குடைக்கம்பி அவள் கன்னத்தை உரசியது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைகளின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டின. அவளுடையதல்லாத நேரம்.

நடந்தாள். ஓடினாள். நடந்தாள்.

ஓட ஓடப் போனில் படத்தைத் திறந்தாள். மங்கலான அறை. கட்டில் விளிம்பில் அந்த முதுகு. கிண்ணம். கரண்டி. கிண்ணத்திலிருந்து வாய்க்கு. வாயிலிருந்து கிண்ணத்துக்கு. இடையில் காத்திருக்கவே இல்லை. அம்மாவின் நல்ல கை, வலது கை, போர்வைமேல் எழுந்தது. அந்த மணிக்கட்டைப் பிடித்தது. தள்ளியது. பலமில்லை. கரண்டி நிற்கவில்லை.

“வேணாம்” என்று அவள் தெருவில் கத்தினாள். யாரும் திரும்பவில்லை.

அம்மாவின் கை இறங்கியது. தெருமுனை வந்தது. படிக்கட்டு. முதல் மாடி. நனைந்த செருப்புத் தடம் ஒன்று அவளுக்கு முன்னால் ஏறிப் போயிருந்தது. அவளுடைய அளவு. இரண்டாவது மாடி. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை.

உள்ளே சத்தம் கேட்டது.

கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம். சீராக.

ஒரு கெட்ட நாளில், ரொம்ப நாளைக்கு முன்னால் அல்ல, போன மாதம், அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டு இருக்கும்போது, ஒரு வாய் விழுங்க இவ்வளவு நேரமா, எனக்கென்று ஒரு நேரம் எப்போதுதான் வரும், எல்லாம் சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று நினைத்தது நினைவுக்கு வந்தது. நினைத்தவள் நான்தான். வேறு யாரும் இல்லை.

கதவைத் தள்ளினாள்.

புது எண்ணெயும் சோப்பும் மணத்தன. விரிப்பு மாற்றப்பட்டிருந்தது. தரை துடைக்கப்பட்டிருந்தது. அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. தலை வாரிப் பின்னியிருந்தது, ஒரு முடி விலகாமல். இவ்வளவு அழகாக அம்மாவைப் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. மசித்த சாப்பாடு உதட்டுக்கு வெளியே வழிந்து, தாடையில், கழுத்தில், மார்பில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. கதவைப் பார்த்துத் திறந்திருந்தன.

அவை இமைக்கவில்லை.

“அம்மா.”

கரண்டி உள்ளே போனது. இடமில்லாத வாய்க்குள், மெதுவாக, அன்பாக, அழுத்தி.

கையிலிருந்த போனில் அதே அறை தெரிந்தது. கட்டில். அம்மா. அந்த முதுகு. கதவு திறந்து கிடந்தது. வாசலில் யாரும் இல்லை.

கிண்ணம் காலியாயிற்று. அது எழுந்தது. அடுக்களைக்குப் போயிற்று, அவளைத் தாண்டி, தோளோடு தோள் உரசி. அந்த உரசலில் குளிர் எலும்புவரை இறங்கியது. முகம் அவளுடையதுதான். ஒன்றும் குறையில்லை. அடுக்களையில் மூடியைத் திறக்கிற சத்தம். அகப்பையால் வழிக்கிற சத்தம். திரும்பி வந்தது. கிண்ணம் நிறைந்து ஆவி பறந்தது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தது. நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டது. அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டியது.

கால்கள் தாமாக நடந்தன. உட்கார்ந்தாள். அம்மாவின் தோள் அவள் தோளில் சாய்ந்தது. கனமாக இருந்தது.

அது கரண்டியை நிரப்பி, ஊதி ஆற்றி, அவள் வாயருகே நீட்டியது.